இருண்ட அமானுஷ்ய மாங்காவுக்கு விமர்சனம் எழுதுவது எப்படி: ஜுஜுட்ஸு கைசெனை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

பேய், சாபம், ரத்தம், சண்டை, நடுவில் நமக்குப் பிடித்த ஆள் செத்துப்போவது. இப்படிப்பட்ட மாங்காவை (ஜப்பானியப் படக்கதையை) படித்து முடித்துவிட்டு "செம", "அழுதுட்டேன்" என்பதைத் தாண்டி எழுத நினைப்பவர்களுக்கு இந்த வழிகாட்டி. எடுத்துக்காட்டுகள் கிட்டத்தட்ட எல்லாமே ஜுஜுட்ஸு கைசென் என்ற மாங்காத் தொடரிலிருந்துதான். 17ஆம் தொகுதி வரையிலான மரணங்களை மறைக்காமல் பேசியிருக்கிறேன். இன்னும் அங்கே வரவில்லை என்றால் படித்துவிட்டு வாருங்கள்.

புதிதாக எழுதுபவர்களின் வரைவுகளில் ஒரே சிக்கலைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். சண்டைக்கு ஒரு பத்தி, சோகத்துக்கு ஒரு பத்தி, ஓவியத்துக்கு ஒரு பத்தி என்று கூறு போட்டுவிடுகிறார்கள். ஆனால் நல்ல சண்டை மாங்காவில் சக்தியின் விதியும் பாத்திரத்தின் துயரமும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக் கிடக்கும். அந்த முடிச்சைக் காட்டாவிட்டால் எவ்வளவு எழுதினாலும் கதைச்சுருக்கம்தான் மிஞ்சும். கீழே உள்ள படிகளின் வரிசை அந்த முடிச்சைக் கண்டுபிடிப்பதற்காகப் போட்டது.

1. எவ்வளவு தூரத்துக்கு எழுதப் போகிறீர்கள் என்று எல்லை போடுங்கள்

கேகே அகுடாமியின் இந்தத் தொடர் 2018 மார்ச்சில் வாராந்திர ஷோனென் ஜம்ப் இதழில் தொடங்கி 2024 செப்டம்பரில் முடிந்தது. மொத்தம் 271 அத்தியாயங்கள், 30 தொகுதிகள். முழுத் தொடரையும் ஒரே கட்டுரையில் அடைக்கப் பார்த்தால் எதையும் நின்று பேச இடமிருக்காது. முதல் விமர்சனத்துக்கு ஓர் ஆர்க் (தொடருக்குள் தனியாக நிற்கும் ஒரு கதைப்பகுதி) போதும்.

என்னைக் கேட்டால், சாபப் பேய்களை அழிக்கும் நண்பர்களான கோஜோவும் கெட்டோவும் மாணவர்களாக இருந்த காலத்தைச் சொல்லும் ஆர்க்கை எடுங்கள். அது 8, 9ஆம் தொகுதிகளில் வருகிறது. ஆட்கள் குறைவு, தொடக்கமும் முடிவும் தெளிவாக இருக்கின்றன, ஒரு நட்பு எங்கே உடைகிறது என்பதை விரல் வைத்துக் காட்டலாம். 3, 4ஆம் தொகுதிகளில் ஜுன்பெய் என்ற பள்ளி மாணவன் வரும் பகுதியும் நல்ல தேர்வுதான். டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் நடக்கும் ஆர்க்கை மட்டும் முதலில் தொடாதீர்கள். ஒரே இரவில் நடக்கும் கதை என்றாலும் 10 முதல் 16ஆம் தொகுதி வரை நீள்கிறது. ஒவ்வொரு தளத்திலும் ஒரு சண்டை. யார் எங்கே நிற்கிறார்கள் என்று சொல்வதற்கே பாதிக் கட்டுரை போய்விடும்.

கோஜோ, கெட்டோ ஆர்க்கை எடுத்தால் 0ஆம் தொகுதியை முன்கூட்டியே படித்திருக்க வேண்டும். அது 2017இல் நான்கு அத்தியாயங்களாக வந்த முன்கதை. கெட்டோ அதில் வில்லன். அவனை வெறுத்து முடித்த பிறகு பள்ளிச் சீருடையில் சிரித்துக்கொண்டிருப்பவனாகப் பார்ப்பதில்தான் 8ஆம் தொகுதியின் அடியே இருக்கிறது.

2. மாங்காவை வைத்து எழுதுங்கள், அனிமே நினைவை வைத்து அல்ல

நிறையப் பேர் அனிமேயை (மாங்காவிலிருந்து எடுத்த அசைபடத் தொடரை) பார்த்துவிட்டு மாங்காவைப் புரட்டி, பிறகு இரண்டையும் குழப்பி எழுதுகிறார்கள். சாபங்களின் அரசன் சுகுனாவுக்கும் மஹோராகா என்ற ராட்சத உருவத்துக்கும் நடக்கும் மோதலை அனிமே நன்றாக நீட்டிக் காட்டியது. அந்த நீளத்தை நினைத்துக்கொண்டு அகுடாமியின் பக்க அமைப்பைப் பாராட்டினால், மாங்கா படித்தவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். இசை, நிறம், குரல் மூன்றும் அனிமேக்காரர்கள் சேர்த்தவை. உங்களை அழவைத்தது எது என்று கொஞ்சம் நேர்மையாகப் பிரித்துப் பாருங்கள்.

ஷுஎய்ஷாவின் மாங்கா பிளஸ் செயலி, விஸ் நிறுவனத்தின் ஷோனென் ஜம்ப் செயலி, அச்சுத் தொகுதிகள் ஆகியவற்றில் அதிகாரபூர்வ ஆங்கில மொழிபெயர்ப்பு கிடைக்கிறது. ரசிகர்கள் அவசரமாக மொழிபெயர்த்து ஏற்றியவற்றில் வசனங்கள் மாறியிருக்கும், சில சமயம் பேசுபவரே மாறியிருப்பார். ஒரு வசனத்தை வைத்து வாதம் செய்யப் போகிறீர்கள் என்றால் அதிகாரபூர்வப் பதிப்பில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

போனில் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு பக்கங்களுக்கு விரித்து வரைந்த காட்சியைச் செங்குத்துத் திரை பாதியாக வெட்டிவிடும். போனைப் படுக்கவைத்துப் பாருங்கள். பக்கம் வலமிருந்து இடமாகப் போவதால், வெட்டிய பாதிகளைத் தனித்தனியாகப் பார்த்தால் அடி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதே தலைகீழாகப் புரியும்.

3. இரண்டாவது முறை படிக்கும்போது குறிப்பெடுங்கள்

முதல் முறை சும்மா படியுங்கள். பேனாவோடு உட்கார்ந்தால் கதை உங்களைப் பிடிக்காது, பிடிக்காத கதையைப் பற்றி எழுதவும் முடியாது. இரண்டாவது முறை ஒரு தாளை மூன்றாகப் பிரித்து விதி, விலை, இழப்பு என்று தலைப்புப் போடுங்கள். இந்தச் சக்தி எப்படி வேலை செய்கிறது, அதற்கு என்ன கொடுக்க வேண்டும், அதனால் யார் எதை இழந்தார்கள் என்று எழுதிக்கொண்டே போங்கள்.

மூன்று பத்திகளிலும் ஒரே வரியில் ஏதாவது நிரம்பினால் அந்த இடம்தான் உங்கள் கட்டுரையின் மையம். எல்லா வரிசையிலும் அப்படி நிரம்பாது. முதல் பத்தி மட்டும் நீளமாகப் போய் மற்ற இரண்டும் காலியாகக் கிடந்தால், அந்தச் சண்டை வெறும் வேடிக்கை என்று தெரிந்துகொள்ளலாம். அதுவும் எழுத வேண்டிய விஷயம்தான்.

ஒவ்வொரு குறிப்புக்கும் தொகுதி, அத்தியாய எண்ணைப் போடுங்கள். எழுதி முடித்த பின் ஒரு பேனலை (பக்கத்தில் உள்ள ஒரு படக்கட்டத்தை) தேடி 30 தொகுதிகளைப் புரட்டுவது எரிச்சலான வேலை.

4. ஸ்பாய்லர் கோட்டை எழுதுவதற்கு முன்பே கிழியுங்கள்

எழுதி முடித்துவிட்டு ஸ்பாய்லரை நீக்க முயன்றால் கட்டுரை ஓட்டை ஓட்டையாகிவிடும். முதலிலேயே முடிவு செய்யுங்கள்: இது படிக்காதவர்களை இழுப்பதற்கா, படித்தவர்களோடு பேசுவதற்கா? இரண்டுக்கும் சேர்த்து எழுதினால் இரண்டு பேருக்கும் உதவாது.

படிக்காதவர்களுக்கு என்றால் முதல் தொகுதிக்குள் நடப்பவற்றை வைத்தே நிறையச் சொல்லலாம். சாவை மறைத்துவிட்டு "ஒரு பெரிய அதிர்ச்சி காத்திருக்கிறது" என்று கண் சிமிட்டும் பழக்கம் வேண்டாம். அதைப் படித்தவர் மீதிக் கதை முழுவதும் யார் சாவார் என்று எண்ணிக்கொண்டே இருப்பார். அதுவும் ஸ்பாய்லர்தான்.

5. சக்தி விதிகளில் உங்களுக்கு வேண்டியதை மட்டும் சொல்லுங்கள்

இங்கேதான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். சாப சக்தி, டொமைன், தலைகீழ் சாப சக்தி, பிளாக் ஃப்ளாஷ் என்று ஒவ்வொன்றையும் விளக்கி, கட்டுரை விளையாட்டுக் கையேடு மாதிரி ஆகிவிடும். வாசகருக்கு அடிப்படை விதி ஒன்று போதும்: மனிதர்களின் வெறுப்பு, பயம், துக்கம் ஆகியவற்றிலிருந்து கசியும் சக்தி திரண்டு சாபமாகப் பிறக்கிறது. அதே சக்தியை அடக்கி ஆள்பவர்கள் அந்தச் சாபங்களை அழிக்கிறார்கள். இதற்கு மேல் எது சொன்னாலும் நீங்கள் பேசப் போகும் காட்சிக்குத் தேவையா என்று பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விதி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது ஆளைக் காட்டும் விதியாக எடுங்கள். சாபங்களை அழிப்பவர்களில் ஒருவரான நனாமியைப் பாருங்கள். எதிரியின் உடலையோ கையையோ பத்தாகப் பிரித்து, 7க்கு 3 என்ற புள்ளியில் அடித்தால் அது பலவீனமான இடமாகிவிடும். இது கணக்குப் பார்க்கும் ஆளின் சக்தி. நிதி நிறுவனத்தில் வேலை பார்த்து, வெறுத்து, திரும்பி வந்தவர் அவர். அதோடு ஒரு சத்தியக் கட்டும் போட்டிருக்கிறார். வேலை நேரத்தில் தன் சக்தியைக் குறைத்துக்கொள்வார். நேரம் தாண்டினால் அது கூடும். மாலை 6 மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று சொல்லும் மனிதருக்கு ஓவர்டைம் வந்தால்தான் பலம் வருகிறது. இந்த ஒரு விதியில் அவருடைய கசப்பு, ஒழுங்கு, நகைச்சுவை மூன்றும் இருக்கின்றன. இதைச் சொன்ன பிறகு "நனாமி சோர்ந்துபோன, பொறுப்பான மனிதர்" என்று தனியாக எழுதவே வேண்டாம்.

இன்னொன்று. இந்தத் தொடரில் தன் சக்தியை எதிரியிடம் விளக்கிச் சொன்னால் அது வலுக்கும் என்பதே ஒரு விதி. சண்டை நடுவில் நின்று பாடம் எடுப்பது இந்த வகை மாங்காக்களின் பழைய நோய். அகுடாமி அதற்கு உள்ளேயே ஒரு காரணம் வைத்துவிட்டார். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் பின்பாதியில், குறிப்பாகச் சக்தி உள்ளவர்கள் ஒருவரையொருவர் கொல்லும் கல்லிங் கேம் பகுதியில், விளக்கம் பக்கம் பக்கமாக ஓடும்போது இந்தக் காரணம் அதைக் காப்பாற்றவில்லை என்பது என் கருத்து. இப்படி ஒரே உத்தி எங்கே பலித்தது, எங்கே பலிக்கவில்லை என்று ஒப்பிடுங்கள். விமர்சனம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

6. துயரத்தை எழுதும்போது பின்கதையைச் சொல்லாதீர்கள், முடிவெடுத்த இடத்தைக் காட்டுங்கள்

"அவனுக்குச் சின்ன வயதில் கொடுமை நடந்தது, அதனால் இப்படி ஆனான்" என்பது துயரப் பாத்திரத்தை அறிமுகம் செய்யும் மிகச் சோம்பலான வழி. கொடுமை நடந்தவர்கள் நிறையப் பேர். இந்த ஆள் மட்டும் ஏன் இந்தப் பக்கம் திரும்பினான் என்பதுதான் கேள்வி. அவன் வேறு மாதிரியும் போயிருக்கலாம் என்று தோன்றும் ஒரு காட்சி எங்கேயாவது இருக்கும். அதைத் தேடுங்கள்.

கெட்டோவின் கதையில் அந்த இடம் மிகத் தெளிவு. அமனாய் ரிகோ என்ற பெண்ணைக் காப்பாற்ற வேண்டிய வேலையில் அவனும் கோஜோவும் தோற்கிறார்கள். டோஜி என்ற கூலிக் கொலையாளி அவளைச் சுட்டுக் கொல்கிறான். அவள் உடலை ஏந்திக்கொண்டு கோஜோ நிற்கிறான். சுற்றிலும் அவள் சாக வேண்டும் என்று விரும்பிய மதக் கும்பலின் ஆட்கள். முகமெல்லாம் சிரிப்பு, கைதட்டுகிறார்கள். இவர்களைக் கொன்றுவிடலாமா என்று கோஜோ கேட்கிறான். வேண்டாம், அர்த்தமில்லை என்று கெட்டோதான் தடுக்கிறான். இந்தப் பக்கத்தில் நில்லுங்கள். பிற்காலத்தில் யார் ஊரையே கொல்லப் போகிறானோ அவன்தான் இங்கே தடுப்பவன்.

அப்புறம் விதி வருகிறது. சக்தியை ஆளத் தெரியாத சாதாரண மக்களிடமிருந்துதான் அது கசிகிறது, சாபங்கள் பிறப்பது அவர்களால்தான் என்று யூகி சுகுமோ என்ற மூத்த மந்திரவாதியிடமிருந்து கெட்டோ தெரிந்துகொள்கிறான். அவனோ சாபங்களை விழுங்கித் தன் வசமாக்குபவன். ஒவ்வொரு முறையும் வாந்தி துடைத்த துணியை விழுங்குவது போன்ற சுவை, அதை யாரிடமும் சொன்னதில்லை. கைதட்டியவர்களுக்காக இதை விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டுமா? பள்ளியில் அவனுக்கு இளையவனான ஹைபராவின் சாவும் சேர்ந்துகொள்கிறது. பிறகு ஒரு கிராமத்தில், சக்தி உள்ள இரண்டு சிறுமிகளை ஊரார் கூண்டில் அடைத்து அடித்திருப்பதைப் பார்க்கிறான். அந்த ஊரில் 112 பேர் செத்தார்கள்.

மூன்று பத்தித் தாளை எடுத்துப் பாருங்கள். விதி: சாதாரண மக்களிடமிருந்து சாபம் பிறக்கிறது. விலை: அதை அவன் வாயால் விழுங்க வேண்டும். இழப்பு: ரிகோ, ஹைபரா, கடைசியில் கோஜோவின் நட்பு. ஒரே வரியில் மூன்றும் நிரம்பிவிட்டன. இதைக் காட்டினால் "கெட்டோ செய்தது நியாயமா" என்று தீர்ப்பு எழுத வேண்டிய அவசியமே வராது. அப்படித் தீர்ப்பு எழுதுவது புதியவர்கள் விழும் இன்னொரு குழி. கெட்டோவைப் புரிந்துகொள்வது வேறு, அவனுக்கு வக்காலத்து வாங்குவது வேறு.

மாக்கி, மாய் சகோதரிகளின் முடிவு இதே சூத்திரத்தின் இன்னும் கொடூரமான வடிவம். இரட்டையர்களை ஜுஜுட்ஸு (சாப சக்தியை ஆளும் கலை) ஒரே ஆளாகக் கணக்கிடுகிறது. மாக்கி எவ்வளவு உழைத்தாலும், உழைக்க விரும்பாத மாய் உயிரோடு இருக்கும்வரை முழுப் பலம் வராது. 17ஆம் தொகுதியில் மாய் தன் உயிரைக் கொடுத்து ஒரு வாளை உருவாக்கிவிட்டுப் போகிறாள். எல்லாவற்றையும் அழித்துவிடு என்பது அவள் வேண்டுகோள். இங்கே விதியை நீக்கினால் துயரம் இல்லை, துயரத்தை நீக்கினால் விதிக்கு வேலை இல்லை.

ஜுன்பெய் வேறு மாதிரி. பள்ளியில் அடி வாங்கிய பையன், மனித உருவில் இருக்கும் சாபமான மஹிடோவை நண்பன் என்று நம்பியவன். கதாநாயகன் யூஜி அவன் வீட்டுக்கு வந்து அம்மாவோடு சாப்பிட்டுச் சிரித்துவிட்டுப் போகிறான். கதை வேறு பக்கம் போகும் என்று நாம் நம்புவது அந்தச் சாப்பாட்டால்தான். பிறகு அம்மா இறக்கிறார். ஜுன்பெய் பழிவாங்கக் கிளம்புகிறான். யூஜி அவனைப் பேசித் திருப்புகிற நேரத்தில் மஹிடோ அவன் உடலை உருக்குலைத்துவிடுகிறான். யூஜி தனக்குள் இருக்கும் சுகுனாவிடம் காப்பாற்றும்படி கெஞ்சுகிறான். சுகுனாவும் மஹிடோவும் சேர்ந்து சிரிக்கிறார்கள். ஜுன்பெய் எந்தப் பக்கம் போவது என்று முடிவெடுத்து முடிப்பதற்குள் அவனைக் கொன்றுவிட்டார்கள் என்பதுதான் இதன் கொடுமை. "பரிதாபமான வில்லன்" என்ற ஒரே பெட்டிக்குள் அவனையும் கெட்டோவையும் போட்டால் இந்த வேறுபாடு காணாமல் போய்விடும்.

பின்கதை எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்றும் பாருங்கள். டீமன் ஸ்லேயர் என்ற மாங்காவில் பெரும்பாலும் அரக்கன் சாகும் தறுவாயில் அவனுடைய மனித வாழ்க்கை விரியும். அடித்த கை இறங்கிய பிறகு நமக்குப் பரிதாபம் வரும். ஜுஜுட்ஸு கைசெனில் கெட்டோவின் கடந்தகாலம் அவன் செத்த பிறகு, ஷிபுயாவில் அவன் உடலை வேறொருவன் போட்டுக்கொண்டு நடப்பதற்குச் சற்று முன்பு வருகிறது. அதனால் அந்த முகம் கோஜோவின் எதிரே வந்து நிற்கும்போது அவன் ஏன் ஒரு கணம் அசையாமல் போகிறான் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. வைத்த இடமே வேலை செய்கிறது.

7. ஒரு சண்டை, ஒரு காட்சி, அவ்வளவுதான்

எல்லாச் சண்டைகளையும் வரிசையாகச் சொல்லாதீர்கள். ஒன்றை எடுத்து, ஒரு காட்சியைப் பேனல் பேனலாகப் பேசுங்கள். யாருடைய முகம் காட்டப்படுகிறது, எப்போது பின்னணி வெறுமையாகிறது, எங்கே வசனம் நின்றுபோகிறது என்று பார்த்தாலே அரைப் பக்கத்துக்கு விஷயம் கிடைக்கும். "ஓவியம் அருமை" என்ற வாக்கியம் எதையும் சொல்வதில்லை. அகுடாமியின் கோடு பல இடங்களில் முரட்டுத்தனமாக, கிறுக்கியது போல இருக்கும். அது எந்தக் காட்சிக்குப் பொருந்துகிறது, எங்கே யார் யாரை அடித்தார்கள் என்றே தெரியாமல் போகிறது என்று சொல்லுங்கள்.

நான் எடுப்பது 120ஆம் அத்தியாயம். உடலில் பாதி எரிந்த நனாமி ரயில் நிலையத்துக்குள் தட்டுத் தடுமாறி நடக்கிறார். மனம் மலேசியாவில், குவாந்தான் கடற்கரையில் ஒரு வீடு கட்டிக்கொண்டு சும்மா புத்தகம் படிப்பதைப் பற்றி நினைக்கிறது. கை மட்டும் உருமாறிய மனிதர்களை வெட்டிக்கொண்டே போகிறது. மஹிடோ வந்து அவர் மார்பில் கை வைக்கிறான். அப்போது செத்துப்போன ஹைபரா தெரிகிறான், யூஜி வரும் திசையைக் காட்டுகிறான். வேண்டாம், அதைச் சொன்னால் அவனுக்கு அது சாபமாகிவிடும் என்று நனாமி தயங்குகிறார். பிறகு யூஜியைப் பார்த்து, இனி நீ பார்த்துக்கொள் என்று சொல்லிவிடுகிறார்.

முதல் அத்தியாயத்தில் யூஜியின் தாத்தா சாகும்போது, நீ பலசாலி, மற்றவர்களுக்கு உதவு என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பையனை அத்தனை இடங்களுக்கும் இழுத்துக்கொண்டு வந்தது அந்த வார்த்தை. இன்னொரு பெரியவரும் அதையே செய்யக் கூடாது என்று தெரிந்தும் செய்கிறார். சாவை மட்டும் எழுதினால் இது தெரியாது. தயங்கிய அந்தக் கணத்தை எழுதினால்தான் தெரியும்.

8. இருட்டை அளக்காதீர்கள்

எத்தனை பேர் செத்தார்கள் என்பது ஆழத்துக்கு அளவுகோல் கிடையாது. உடல் சிதைவதைப் பக்கம் பக்கமாகக் காட்டியும் ஒன்றும் தோன்றாத இடங்கள் இந்தத் தொடரிலேயே உண்டு. சாவுக்குப் பிறகு யாருக்கும் துக்கம் காக்க நேரமே இல்லாமல் அடுத்த சண்டை தொடங்குவது பின்பாதியின் பெரிய குறை. வாரா வாரம் பக்கங்கள் கொடுக்க வேண்டிய நெருக்கடியும், உடல்நலம் சரியில்லாமல் ஆசிரியர் 2021இல் தொடரை நிறுத்தி வைத்ததும் உண்மைதான். அவற்றைப் பின்னணியாகச் சொல்லலாம். குறையைச் சொல்லாமல் விடுவதற்குக் காரணமாக்க வேண்டாம்.

யாருக்கு இது ஆகாது என்பதையும் ஓரிரு வரியில் எழுதுங்கள். பள்ளி மாணவர்கள் அட்டையில் இருப்பதைப் பார்த்துப் பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்கித் தருபவர்கள் இருக்கிறார்கள். பள்ளியில் நடக்கும் வன்முறை, குழந்தைகள் மீதான கொடுமை, உடல் உருக்குலைவது எல்லாம் வரும் என்று சொல்லிவிடுங்கள்.

9. எழுதும் வரிசை, அனுப்புவதற்கு முன் பார்க்க வேண்டியவை

நடுவிலிருந்து எழுதுங்கள். முதலில் 7ஆம் படியின் காட்சி, பிறகு அதற்குத் தேவையான விதி, பிறகு பாத்திரம். அறிமுகப் பத்தியைக் கடைசியில் எழுதினால் அது சுருங்கி நிற்கும். முதலில் எழுதினால் ஆசிரியரின் வாழ்க்கை வரலாறு, விற்பனை, விருது என்று வளர்ந்துகொண்டே போகும். கதைச்சுருக்கம் மொத்தக் கட்டுரையில் நாலில் ஒரு பங்கைத் தாண்டினால் வெட்டுங்கள்.

பெயர்களை ஒரு பட்டியலாகப் போட்டு, ஒரே எழுத்துக்கூட்டலில் வைத்திருங்கள். கெட்டோ, கேடோ, கெதோ என்று மூன்று விதமாக வந்தால் வாசகர் மூன்று ஆள் என்று நினைப்பார். அத்தியாய எண்களைக் குறிப்போடு ஒருமுறை ஒப்பிடுங்கள்.

மதிப்பெண் போடுவது உங்கள் விருப்பம். போட்டால் எதற்குப் போட்டீர்கள் என்று தெரிய வேண்டும். 8, 9ஆம் தொகுதிகளுக்கு நான் தயங்காமல் உயர்ந்த மதிப்பெண் கொடுப்பேன், முழுத் தொடருக்குக் கொடுக்க மாட்டேன். இரண்டையும் ஒரே எண்ணில் போட்டுக் குழப்ப வேண்டாம்.

கடைசியாக, தலைப்பையும் முகப்புப் படத்தையும் 4ஆம் படியில் கிழித்த கோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உள்ளே அவ்வளவு கவனமாக எழுதிவிட்டு, முகப்பில் பாதி எரிந்த நனாமியின் படத்தைப் போட்டுவிடுகிறவர்கள் நிறைய.